மார்புக்குக் கீழே நசநசப்பு, வாடை, அரிப்பு: வாசகியர் கேள்விகளும் பதில்களும்

மார்பகத்துக்கு அடியில் வியர்ப்பது, வாடை அடிப்பது, தோல் சிவந்து அரிப்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகக் கொடுத்திருக்கிறோம். எல்லாருமே பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்ததால் வயது மட்டும் இருக்கிறது. யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் வருஷக்கணக்கில் பொறுத்துக்கொண்டிருப்பதாகப் பலர் எழுதியிருக்கிறீர்கள். பொறுத்துக்கொள்ளத் தேவையே இல்லை. முறையாகக் கவனித்தால் பெரும்பாலும் சில வாரங்களில் கட்டுக்குள் வந்துவிடும்.

தினமும் இரண்டு வேளை குளிக்கிறேன். மார்புக்குக் கீழே சோப்புப் போட்டு நாரால் அழுத்தித் தேய்க்கிறேன். கிளம்பும்போது பாடி ஸ்ப்ரேயும் அடித்துக்கொள்கிறேன். ஆனாலும் மதியத்துக்குள் நசநசவென்று ஆகிப் புளித்த வாடை வருகிறது. இன்னும் எப்படித்தான் சுத்தமாக இருப்பது?
– 34 வயது வாசகி

நீங்கள் தேவைக்கு மேலேயே சுத்தமாக இருக்கிறீர்கள். அழுக்கினால் வருகிற வாடை இல்லை இது, ஈரத்தினால் வருவது. வியர்வையில் ஏறக்குறைய 99 சதவீதம் தண்ணீர்தான், மிச்சம் உப்பு. வெளியே வரும்போது அதற்கு வாடை கிடையாது. கையில், முதுகில் வியர்த்தால் காற்றுப் பட்டு உலர்ந்துவிடும். மார்பகத்தின் அடிப்பக்கத் தோலும் வயிற்றுப் பக்கத் தோலும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பதால் அந்த மடிப்புக்குள் வியர்வை உலர வழியில்லை. மணிக்கணக்கில் ஈரத்தில் இருக்கும் தோலின் மேலடுக்கு ஊறி வெளுக்கும். மழைக்காலத்தில் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வருகிற அதே விதம்தான். ஊறிய தோலில் பாக்டீரியா பெருகி, உதிர்கிற தோல் துகள்களையும் எண்ணெய்ப் பசையையும் சிதைக்கும்போது கிளம்புவதுதான் அந்தப் புளித்த வாடை.

நாரால் தேய்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். ஊறிய தோலைத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும், கிருமி நுழைய அதுவே வழி. சோப்பு விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். நம் தோலின் மேற்பரப்பு இயல்பில் லேசான அமிலத் தன்மையுடன், பிஎச் அளவில் சுமார் 5-ல் இருக்கும். சாதாரணக் கட்டி சோப்பு 9, 10 என்று காரத்தில் நிற்கும். இரண்டு வேளையும் அதைப் போட்டு அலசாமல் விட்டால் தோலின் காப்பு குலைந்து, கிருமிக்கு வசதியாகிவிடும். வாசனை சேர்க்காத, பிஎச் 5.5 என்று அச்சிட்ட திரவ சோப்பை ஒரு வேளை பயன்படுத்துங்கள். இன்னொரு வேளைக்கு வெறும் தண்ணீர் போதும். கையால் தடவினால் போதுமானது.

உலர்த்துவதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். குளித்ததும் மேலோட்டமாகத் துடைத்துவிட்டு உடனே பிரா போட்டால், மடிப்புக்குள் இருக்கும் ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்த மாதிரி ஆகிவிடும். ஒரு கையால் மார்பகத்தை நன்றாக மேலே தூக்கிப் பிடியுங்கள். மெல்லிய பருத்தித் துண்டால், நடு நெஞ்சிலிருந்து அக்குள் பக்கம் வரை ஒத்தி எடுங்கள். பிறகு ஐந்து நிமிஷம் மின்விசிறிக் காற்றில் நில்லுங்கள், அல்லது படுத்துக்கொண்டு கைகளைத் தலைக்கு மேலே வையுங்கள். அப்போது மடிப்பு தானாகத் திறந்துகொள்ளும். அவசரமென்றால் ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து, ஒரு முழம் தள்ளிப் பிடித்து, பக்கத்துக்கு ஒரு நிமிஷம் காட்டலாம். சூடான காற்று வேண்டவே வேண்டாம். தோல் சுடுவதோடு மறுபடி வியர்க்கவும் செய்யும்.

மதிய வேளைக்கு, பையில் இரண்டு மூன்று பருத்தித் துணிகள் வைத்துக்கொள்ளுங்கள். பழைய மெல்லிய வேட்டித் துணி போல நன்றாகத் துவைத்து மென்மையானது நல்லது. கழிப்பறையில் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த ஒன்றால் துடைத்து, உலர்ந்த ஒன்றால் ஒத்தி, மூன்றாவதை மடிப்பில் வைத்துக்கொள்ளுங்கள். வைக்கும் விதம் முக்கியம். துணி முழுவதும் மடிப்புக்குள் போய்விட்டால் அது ஈரத்தை உறிஞ்சி அங்கேயே வைத்திருக்கும். அது ஈரத்துணியால் ஒத்தடம் கொடுப்பது போல ஆகிவிடும். ஒரே அடுக்காக விரித்து, ஒரு விளிம்பு மடிப்புக்கு வெளியே 5 சென்டிமீட்டராவது நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். உள்ளே உறிஞ்சிய ஈரம் அந்த விளிம்பு வழியாக வெளியேறி உலரும். டிஷ்யூ காகிதம் நைந்து தோலில் ஒட்டும். மாதவிடாய் நாப்கினை வெட்டி வைப்பதாகவும் சிலர் எழுதுகிறார்கள். அதன் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாள் காற்றை அடைத்துவிடும்.

பாடி ஸ்ப்ரேயை அந்த இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். வாசனைப் பொருளும் ஆல்கஹாலும் புண்பட்ட தோலில் எரிச்சலும் ஒவ்வாமையும் உண்டாக்கும்.

இத்தனைக்குப் பிறகும் சிவப்போ அரிப்போ இல்லாமல் வாடை மட்டும் மிச்சமிருந்தால், முகப்பருவுக்கு விற்கும் பென்சாயில் பெராக்சைடு சேர்த்த கழுவும் திரவத்தில் 4 அல்லது 5 சதவீதம் உள்ளதை வாங்குங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், குளிக்கும்போது தடவி ஒரு நிமிஷம் விட்டு நன்றாக அலசுங்கள். பாக்டீரியாவைக் குறைப்பதில் இது நன்றாக வேலை செய்கிறது. தோல் வறண்டு எரிந்தால் வாரம் ஒருமுறையாகக் குறையுங்கள். வண்ணத் துணியில் பட்டால் சாயம் வெளுத்துவிடும், வெள்ளைத் துண்டால் துடையுங்கள்.

வியர்வைக்கு டால்கம் பவுடர் போடலாமா? போட்ட இரண்டு மணி நேரத்தில் பிசைந்த மாவு மாதிரி திரள்கிறது.
– 41 வயது வாசகி

திரள்வதுதான் பிரச்சினையே. திரண்ட பவுடர் மடிப்புக்குள் உப்புத்தாள் போலத் தேய்த்துப் புண்ணாக்கும். ஈரத் தோலில் போட்டால் அது உறிஞ்சுவதை விட ஒட்டுவதுதான் அதிகம். தவிர, டால்க்கை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புள்ளவை' என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024-இல் சேர்த்திருக்கிறது. மார்புக்கருகில் தூவும்போது மூச்சிலும் போகிறது. இவ்வளவு இருக்க, அதை விட்டுவிடுவதே எங்கள் யோசனை. சோளமாவு போட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. ஏற்கெனவே பூஞ்சைத் தொற்று இருக்கும் இடத்தில் மாவுப்பொருள் எதையும் போடாதீர்கள்.

அடிக்கடி பூஞ்சைத் தொற்று வந்து குணமானவர்கள், மறுபடி வராமலிருக்கக் குளோட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல் கலந்த மருந்துப் பவுடரைப் பயன்படுத்தலாம். முற்றிலும் உலர்ந்த தோலில், உள்ளங்கையில் கொஞ்சமாக எடுத்துத் தடவி, மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பிரா போட்டால் வியர்க்கிறது, போடாவிட்டால் இன்னும் மோசம். எந்த மாதிரி பிரா வாங்க வேண்டும்? கம்பி வைத்தது கெடுதலா?
– 29 வயது வாசகி

தோலும் தோலும் ஒட்டாமல் பிரித்து வைப்பதுதான் இந்த விஷயத்தில் பிராவின் வேலை. போடாவிட்டால் இன்னும் மோசம் என்று நீங்கள் சொல்வதற்குக் காரணம் அதுதான். அளவு சரியாக இருந்தால் பிரா உதவும், தவறாக இருந்தால் அதுவே புண்ணுக்குக் காரணமாகும்.

மார்பைத் தாங்குவது பெரும்பாலும் சுற்றுப்பட்டைதான், தோள்பட்டை நாடா இல்லை. பட்டை தளர்ந்தால் முதுகுப் பக்கம் மேலே ஏறும், முன்பக்கம் கீழே இறங்கும், மார்பகம் வயிற்றின்மேல் வந்து படியும். கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பட்டை முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில், தரைக்கு இணையாக இருக்க வேண்டும். முதுகில் வளைவாக ஏறியிருந்தால் பட்டை பெரியது. பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும், கை முழுவதும் நுழையக் கூடாது. புதிதாக வாங்கும்போது கடைசிக் கொக்கியில், அதாவது மிகத் தளர்ந்ததில் பொருந்தும்படி வாங்குங்கள். நாளாக ஆக இழுபட்டுத் தளரும்போது உள் கொக்கிகளுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

பலர் செய்வது, கப் சிறியதாக இருக்கும்போது பட்டையைப் பெரிதாக வாங்குவது. 34 அளவில் 'சி' கப் வேண்டியவர் 36-இல் 'பி' வாங்குவார். இரண்டிலும் கப் கொள்ளளவு ஒன்றுதான், ஆனால் பட்டை தொளதொளவென்று நிற்கும். மடிப்பில் வியர்வைத் தொல்லை உள்ளவர்கள் இதை முதலில் சரிபார்க்க வேண்டும்.

கம்பி கெடுதல் இல்லை. அது மார்பகம் முடியும் மடிப்புக் கோட்டில், விலா எலும்பின்மேல் படுத்திருந்தால் மார்பகத்தைத் தூக்கிப் பிடித்து நல்லதே செய்யும். கப் சிறிதாகிக் கம்பி மார்பகச் சதையின்மேல் ஏறினாலோ, மடிப்புக்குக் கீழே சறுக்கினாலோ அது உராய்ந்து கோடு போட்டதுபோலப் புண்ணாக்கும். ஏற்கெனவே புண் இருக்கும் நாட்களில் கம்பியில்லாத, அகலமான பட்டை உள்ளதைப் போடுங்கள்.

துணி விஷயத்தில் பருத்திக்கும் ஒரு குறை உண்டு. நன்றாக உறிஞ்சும், ஆனால் உலர நேரம் பிடிக்கும். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்குப் பருத்தி போதும், மதியம் ஒன்று மாற்றிக்கொண்டால் இன்னும் நல்லது. ஓட்டம், உடற்பயிற்சி, அடுப்படி போன்று கொட்டக் கொட்ட வியர்க்கும் வேலைகளுக்கு, வியர்வையை வெளிப்பக்கம் கடத்தி உலரவிடும் விளையாட்டுத் துணி வசதி. ஆனால் பாலியெஸ்டர் வாடையைப் பருத்தியை விட அதிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், அன்றன்றே துவைக்க வேண்டும். விளையாட்டு பிராவிலும் இரண்டு மார்பையும் ஒன்றாக அழுத்தும் வகையை விட, இரண்டையும் தனித்தனிக் கப்பில் பிரித்து வைக்கும் வகை மேல். நடுவில் தோல் ஒட்டாது. தடித்த ஸ்பாஞ்சு வைத்த கப் கோடைக்கு ஆகாது.

இரவில் பிராவைக் கழற்றிவிடுங்கள். மார்பு பெரியதாக இருந்து படுத்தாலும் ஒட்டிக்கொள்கிறது என்பவர்கள், தளர்வான பருத்தி பனியன் போட்டு, முன்பு சொன்னபடி மெல்லிய துணியை மடிப்பில் வைத்துப் படுக்கலாம்.

துவைத்த பிரா காயும்போது வாசமாகத்தான் இருக்கிறது. போட்ட அரை மணியில் பழைய வாடை திரும்பிவிடுகிறது. ஏன்?
– 37 வயது வாசகி

துணி இழைக்குள் எண்ணெய்ப் பசையும் பாக்டீரியாவும் தங்கியிருக்கின்றன. உடம்புச் சூடும் ஈரமும் பட்டதும் வாடை மறுபடி கிளம்புகிறது. துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் போடுகிறீர்களா? அது இழையின்மேல் ஒரு பூச்சாகப் படிந்து, வியர்வை உறிஞ்சும் தன்மையையும் கெடுத்து, அழுக்கையும் உள்ளே அடைத்துவிடும். அதை நிறுத்துங்கள். சலவைத்தூள் கரைத்த வெதுவெதுப்பான நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, பட்டையின் உள்பக்கத்தை விரலால் கசக்கி, பிறகு நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். சலவைத்தூள் மிச்சம் தங்கினால் அதுவே அரிப்புக்குக் காரணமாகிவிடும்.

வெயிலில் முழுக்கக் காய வேண்டும். மேலுக்குக் காய்ந்தும் கப்புக்குள் ஈரம் நிற்பதுதான் வாடைக்குப் பாதிக் காரணம், கப்பை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு எடுத்து வையுங்கள். பூஞ்சைத் தொற்றுக்கு மருந்து போடும் நாட்களில் மடிப்பில் வைக்கும் பருத்தித் துணிகளையும் துண்டையும் 60 டிகிரி வெந்நீரில் துவைத்து, சூடாக இஸ்திரி போடுங்கள். நேற்றுப் போட்ட பிராவைத் துவைக்காமல் இன்று போடுவது மற்றவர்களுக்கு எப்படியோ, இந்தத் தொல்லை இருப்பவர்களுக்கு ஆகாது. மூன்று நான்காவது கையிருப்பில் இருக்கட்டும்.

மார்புக்குக் கீழே இரண்டு பக்கமும் ரத்தச் சிவப்பாக வந்து கடுமையாக அரித்தது. மருந்துக் கடையில் கேட்டு ஒரு கிரீம் வாங்கிப் போட்டேன். இரண்டே நாளில் குறைந்தது. நிறுத்தியதும் முன்னை விட அதிகமாக வந்தது. இப்படி ஏழெட்டு மாதமாக நடக்கிறது. இப்போது அந்த இடத்தில் தோல் மெலிந்து கோடு கோடாகத் தெரிகிறது.
– 46 வயது வாசகி

அந்த கிரீமை எடுத்து, அட்டையில் உள்ள மருந்துப் பெயர்களைப் படியுங்கள். குளோபெட்டசால், பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருக்கிறதா? அது ஸ்டீராய்டு. பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு மூன்றையும் ஒரே டியூபில் கலந்து விற்கும் கிரீம்களால்தான் நீங்கள் எழுதியிருப்பது அப்படியே நடக்கும். ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் உடனே அமுக்கிவிடும், குணமானது போலத் தெரியும். அதே நேரத்தில் அந்த இடத்தின் நோய் எதிர்ப்பையும் அமுக்குவதால் பூஞ்சை அடியில் வளர்ந்துகொண்டிருக்கும். மடிப்புக்குள் தோல் மெல்லியது, மூடியே இருப்பதால் மருந்து உள்ளே இறங்குவதும் அதிகம். தோல் மெலிந்து வரி விழுந்தது அதனால்தான். அந்த வரிகள் காலப்போக்கில் மங்கும், முற்றிலும் மறையாது. மேலும் விழாமல் தடுக்கலாம். ஏழெட்டு மாதம் போட்டிருப்பதால், திடீரென்று நிறுத்தும்போது சிவப்பும் எரிச்சலும் சில நாள் அதிகமாகலாம். தோல் மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்கிறபடி நிறுத்துங்கள்.

இதே அறிகுறி முதல் முறையாக வந்திருப்பவர்களுக்கு: சிவந்த இடத்தின் விளிம்பைப் பாருங்கள். பெரிய சிவப்புத் திட்டு, அதைச் சுற்றித் தனித்தனியாகச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் அல்லது சீழ்க்கொப்புளங்கள், மடிப்பின் அடியில் வெள்ளையாகத் தயிர் ஒட்டியது போல் படிவு இருந்தால் அது பெரும்பாலும் கேண்டிடா என்ற பூஞ்சை. குளோட்ரிமசோல் மட்டுமே உள்ள 1 சதவீத கிரீமை, கழுவி முழுக்க உலர்த்திய பிறகு, காலை ஒரு முறை இரவு ஒரு முறை தடவுங்கள். அளவு: ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை டியூபிலிருந்து பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். இரண்டு பக்க மடிப்புக்கும் சேர்த்து ஒரு வேளைக்கு அது போதும். சிவப்பு முடியும் இடத்தைத் தாண்டி இரண்டு விரற்கடை வரை தடவுங்கள். வெள்ளையாக அப்பி வைத்தால் கிரீமே ஈரமாகி ஊறவைக்கும்.

அரிப்பு மூன்று நான்கு நாளில் நிற்கும். அங்கேதான் பலர் மருந்தை நிறுத்துகிறார்கள், இரண்டு வாரத்தில் திரும்பி வருகிறது. தோல் சாதாரணமாகத் தெரிய ஆரம்பித்த பிறகும் ஒரு வாரமாவது தொடருங்கள், மொத்தம் இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். இரண்டு வாரம் ஒழுங்காகப் போட்டும் எந்த மாற்றமும் இல்லையென்றால் அது வேறு ஏதோ. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மைக்கோனசோல் கிரீமை மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது, அது வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிடலாம்.

அக்குளுக்குப் போடும் ரோல்-ஆனை மார்புக்கு அடியிலும் போடலாமா?
– 32 வயது வாசகி

எது என்பதைப் பொறுத்தது. வாடையை மறைக்கும் டியோடரண்டால் அங்கே பயனில்லை. வியர்வையையே குறைக்கும் ஆன்டிபெர்ஸ்பிரண்ட், அதாவது அலுமினிய உப்பு சேர்ந்தது, போடலாம். வாசனை சேர்க்காததாக இருக்கட்டும். அலுமினிய உப்பு வியர்வைத் துளைக்குள் இறங்கித் தற்காலிகமாக அடைத்துக்கொள்ளும். துளை வழியே வியர்வை வழிந்துகொண்டிருக்கும்போது போட்டால் அது அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே காலையில் கிளம்பும் அவசரத்தில் போடாமல், வியர்வை குறைந்த இரவில், படுக்கப் போகும்போது, முழுக்க உலர்ந்த தோலில் மெல்லியதாகத் தடவி உலரவிடுங்கள். காலையில் கழுவிவிடலாம், அடைப்பு அப்படியே இருக்கும். முதலில் தொடர்ந்து மூன்று நான்கு இரவு, வியர்வை குறைந்த பிறகு வாரம் ஒன்றிரண்டு முறை.

ஈரத் தோலில் போட்டால் அலுமினியக் குளோரைடு தண்ணீருடன் சேர்ந்து அமிலமாகி எரிக்கும். சிவப்பு, வெடிப்பு, புண் இருந்தால் அது ஆறும் வரை தொடவே கூடாது. 20 சதவீதம் கொண்டவை அக்குளுக்கே சிலருக்கு எரியும். இந்த இடத்துக்குக் குறைந்த அளவில் தொடங்கி, முதலில் ஒரு ஓரத்தில் போட்டு ஒரு நாள் பாருங்கள்.

எலுமிச்சை, சமையல் சோடா, வினிகர் இதில் எது நல்லது?
– 25 வயது வாசகி

எலுமிச்சையும் சோடாவும் வேண்டாம். ஒன்று அதிக அமிலம், மற்றது காரம், இரண்டுமே ஊறிய தோலை எரிக்கும். வினிகரைத் தோல் மருத்துவர்களும் சில சமயம் சொல்வதுண்டு, நன்றாக நீர்க்க வைத்து: 5 சதவீத வெள்ளை வினிகர் ஒரு மேசைக்கரண்டி, ஒரு லிட்டர் தண்ணீர். துணியை நனைத்துப் பிழிந்து ஐந்து நிமிஷம் வைத்து, எடுத்து, உலர்த்த வேண்டும். கசிவு இருக்கும்போது அதை வற்ற வைக்க உதவும். தோல் வெடித்திருந்தால் வேண்டாம். எண்ணெய் தடவுவது பற்றியும் கேட்கிறார்கள். ஈரத்தை உள்ளே வைத்து மூடுவதால் வியர்க்கும் மடிப்புக்கு அது ஏற்றதில்லை.

குழந்தை பிறந்து மூன்று மாதம். தாய்ப்பால் கொடுக்கிறேன். பால் கசிந்தும் வியர்த்தும் மார்புக்கு அடியில் வெந்துபோய்விட்டது. கிரீம் போட்டால் குழந்தைக்கு ஆகுமா?
– 27 வயது வாசகி

குளோட்ரிமசோல் கிரீமைத் தாய்ப்பால் கொடுக்கும்போது மார்புக்கு அடியில் தடவலாம், தோல் வழியே உடம்புக்குள் போவது மிகச் சொற்பம். பால் கொடுத்து முடித்த பிறகு தடவுங்கள், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தூக்குங்கள், காம்புப் பக்கம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பால் கசிவுக்கு வைக்கும் பேடை நனைந்ததும் மாற்ற வேண்டும், அடியில் பிளாஸ்டிக் இல்லாததாகப் பாருங்கள். பால் கொடுத்ததும் பிராவை உடனே மாட்டாமல் ஐந்து பத்து நிமிஷம் காற்றாட விடுங்கள். பவுடர் எதுவும் வேண்டாம், குழந்தையின் மூக்குக்கு நேராக இருக்கும் இடம் அது.

காம்பில் பளபளப்பான சிவப்பும் ஊசி குத்துவது போன்ற வலியும், குழந்தையின் வாயில் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படிவும் சேர்ந்து இருந்தால் இருவருக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் தேவைப்படலாம், மருத்துவரிடம் போங்கள். ஒரு பக்க மார்பு மட்டும் சிவந்து, சூடாகி, கட்டியாகிக் காய்ச்சலும் வந்தால் அது பால் கட்டு முற்றிய மார்பக அழற்சியாக இருக்கலாம். அன்றே காட்ட வேண்டும், பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

என் மாமியாருக்கு 76 வயது. படுத்த படுக்கை, சர்க்கரை நோயும் இருக்கிறது. மார்புக்கு அடியில் தோல் உரிந்து வாடை அடிக்கிறது. அவரால் சொல்லவும் முடியவில்லை. எப்படிப் பராமரிப்பது?
– 48 வயது வாசகி

தினமும் இரண்டு முறை தூக்கிப் பாருங்கள், வாடை வந்த பிறகு பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். தொடும் முன், "அத்தை, மார்புக்குக் கீழே துடைத்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். பதில் சொல்ல முடியாவிட்டாலும் அவருக்குத் தெரிய வேண்டும். தலைப்பக்கம் சற்று உயர்த்திப் படுக்க வைத்து, உள்ளங்கையை விரித்து மார்பகத்தை அடியிலிருந்து தாங்கித் தூக்குங்கள். காம்புப் பக்கம் பிடித்து இழுத்தால் மெலிந்த தோல் மடிப்பில் கிழியும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் ஒத்தித் துடைத்து, உலர்ந்த துணியால் ஒத்தி, காற்றாட விடுங்கள்.

அதன் பிறகு இரண்டு வழியில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தோல் ஈரமாக மட்டும் இருந்தால் விளிம்பு வெளியே நீட்டிய பருத்தித் துணி. தோல் உராய்ந்து உரிந்திருந்தால் துத்தநாக ஆக்ஸைடு கிரீம், மெல்லிய பூச்சாக. இரண்டையும் சேர்த்து வைத்தால் கிரீம் துணியை அடைத்துவிடும், துணியால் ஈரத்தை உறிஞ்ச முடியாது. அடுத்த முறை துடைக்கும்போது பழைய துத்தநாகப் பூச்சு முழுவதையும் சுரண்டி எடுக்க வேண்டாம். அழுக்கான மேல்பகுதியை மட்டும் எடுத்துவிட்டுப் புதிதாகத் தடவலாம்.

உங்கள் மாமியாருக்குத் தோல் ஏற்கெனவே உரிந்திருப்பதாலும் சர்க்கரை இருப்பதாலும், மருத்துவரையோ செவிலியரையோ வீட்டுக்கு வரவழைத்து ஒருமுறை காட்டுங்கள். ரத்தத்தில் சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால், எத்தனை முறை மருந்து போட்டாலும் பூஞ்சை திரும்பும். பச்சை நிறக் கசிவு, சிவப்பு மடிப்பைத் தாண்டி வேகமாகப் பரவுதல், தொட்டால் சூடு, காய்ச்சல், வழக்கத்துக்கு மாறான மயக்கம் இவற்றில் எது தெரிந்தாலும் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.

என் மகளுக்கு 14 வயது. விளையாடிவிட்டு வந்தால் வாடை. சொன்னால் கோபித்துக்கொண்டு அழுகிறாள்.
– 43 வயது வாசகி

அவள் காதில் "நாறுகிறாய்" என்று விழுந்தால் அழத்தான் செய்வாள். வாடையைப் பற்றிப் பேசாமல், விளையாட்டுப் பையில் உலர்ந்த பிரா ஒன்றும் சின்னத் துண்டு ஒன்றும் வைத்துக் கொடுங்கள். ஆட்டம் முடிந்ததும் மாற்றச் சொன்னால் போதும். வீட்டுக்கு வந்து குளிக்கும் வரை நனைந்த இறுக்கமான பிராவிலேயே இருப்பதுதான் காரணம். இந்த வயதில் மார்பு வேகமாக வளரும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளவு பாருங்கள்.

அரிப்பு போய்விட்டது, கறுப்பு மட்டும் போகவில்லை. வெளுக்கும் கிரீம் போடலாமா?
– 39 வயது வாசகி

வேண்டாம். தோல் புண்பட்டு ஆறும்போது நிறமி கூடுவதால் வரும் கறுப்பு அது. உராய்வும் ஈரமும் இல்லாமல் பார்த்துக்கொண்டால் சில மாதங்களில் தானாக மங்கும், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகலாம். வெளுக்கும் கிரீம்கள் பலவற்றில் தோலை எரிக்கும் பொருளோ ஸ்டீராய்டோ இருக்கும், மறுபடி புண்ணாகி இன்னும் கறுக்கும்.

கறுப்பு வெல்வெட் துணி போலத் தடித்து, கழுத்திலும் அக்குளிலும் அதேபோல இருந்தால் விஷயம் வேறு. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது இருக்கக்கூடும், சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரிப்பே இல்லாமல் பழுப்புச் சிவப்பாக, லேசாகத் தூள் உதிர்கிற திட்டாக இருந்தால் எரித்ராஸ்மா என்ற பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். பூஞ்சை கிரீமை மாதக்கணக்கில் தடவிக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மார்புக்கு அடியில் மாதம் ஒரு கட்டி வருகிறது. உடைந்து சீழ் வந்து, ஆறி, அதே இடத்தில் மறுபடி வருகிறது. டாக்டரிடம் எந்த நிலையில் போக வேண்டும், போனால் என்ன செய்வார்கள் என்றும் சொல்லுங்கள். கூச்சமாக இருக்கிறது.
– 31 வயது வாசகி

உங்களுக்கு இப்போதே போக வேண்டிய நிலைதான். வலியோடு கட்டி வந்து, உடைந்து, தழும்பாகி, அதே இடத்திலோ அக்குளிலோ தொடை இடுக்கிலோ திரும்பத் திரும்ப வந்தால் ஹைட்ராடெனிடிஸ் சப்புரட்டிவா என்ற தோல் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். மயிர்க்கால் அடைபட்டு உள்ளுக்குள்ளே அழற்சி ஆவது இது. சுத்தக் குறைவால் வருவதில்லை, மற்றவருக்குத் தொற்றாது. நாள் கடத்தினால் கட்டிகள் தோலுக்கு அடியில் வழி உண்டாக்கிக்கொண்டு ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். ஆரம்பத்திலேயே பிடித்தால் மருந்தில் அடக்கலாம். நீங்களே பிதுக்காதீர்கள். புகைப்பழக்கமும் உடல் பருமனும் இதை அதிகமாக்கும்.

மற்றவர்கள் எப்போது போக வேண்டும்? முன்பு சொன்னபடி, பூஞ்சை கிரீமை இரண்டு வாரம் ஒழுங்காகப் போட்டும் மாற்றம் இல்லையென்றால் போக வேண்டும். விளிம்பு தெளிவாக, பளபளவென்று சிவந்து, எந்தப் பூஞ்சை மருந்துக்கும் மசியாத திட்டு மடிப்பில் வரும் சொரியாசிஸாக இருக்கலாம். காம்பிலோ அதைச் சுற்றியுள்ள கறுப்பு வட்டத்திலோ, ஒரு பக்கம் மட்டும் சொறி போல உரிந்து மூன்று வாரமாக ஆறாமல் இருந்தால், மார்பகத் தோல் தடித்து ஆரஞ்சுத் தோல் மாதிரி குழி குழியாகத் தெரிந்தால், மார்பில் புதிதாகக் கட்டி தட்டுப்பட்டால், அதை வியர்வைப் புண் என்று நினைத்து கிரீம் தடவிக்கொண்டிருக்க வேண்டாம். மார்பகப் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டிய அறிகுறிகள் அவை. வியர்வையே திடீரென்று அதிகமாகி, இரவில் படுக்கை நனைகிற அளவுக்குப் போய், எடை குறைவதோ காய்ச்சலோ கூட இருந்தாலும் பரிசோதனை தேவை.

மருத்துவர் செய்வது எளிமையானதுதான். மடிப்பைத் தூக்கிப் பார்ப்பார். விளிம்பிலிருந்து தோல் துகளைக் கத்தியின் மழுங்கிய பக்கத்தால் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்ப்பார்கள், வலிக்காது. உட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கின் ஒளியை அடித்தால் எரித்ராஸ்மா பவளச் சிவப்பாக ஒளிரும். சீழ் இருந்தால் பஞ்சில் தொட்டுப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். அடிக்கடி வருபவர்களுக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவும் பார்க்கச் சொல்வார்கள். மார்பு மிகவும் கனமாக இருந்து, எதற்கும் அடங்காமல் புண் வந்துகொண்டே இருந்தால் மார்பகத்தைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சையும் ஒரு வழி. வருஷக்கணக்கில் அவதிப்படுபவர்கள் அதைப் பற்றித் தயங்காமல் கேட்கலாம்.

பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேளுங்கள், கூட ஒருவரை உள்ளே அழைத்துப் போகவும் உரிமை உண்டு. அன்று காலை அந்த இடத்தில் கிரீம், பவுடர் எதுவும் போடாமல் போங்கள், போட்டால் சுரண்டி எடுப்பதில் பூஞ்சை தெரியாமல் போகலாம். பென்சாயில் பெராக்சைடு, சோப்பு போட்டுக் கழுவாமல் வெறும் தண்ணீரில் குளியுங்கள், உட்ஸ் விளக்கில் தெரியும் நிறம் கழுவினால் போய்விடும். இதுவரை போட்ட டியூப்கள் எல்லாவற்றையும், காலியானதையும் சேர்த்து, ஒரு பையில் எடுத்துப் போங்கள்.